வளைகுடாவில் மெஷின் லேர்னிங் ஆராய்ச்சிக்குச் சேர: மார்க் ஷீட் முதல் விமானம் வரை

சவூதியிலும் அபுதாபியிலும் மெஷின் லேர்னிங்கில் (தரவிலிருந்து கணினியைக் கற்கவைக்கும் துறை) எம்.எஸ்., பிஎச்.டி. படிக்கக் கல்விக் கடன் வாங்க வேண்டியதில்லை. இடம் கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணம், தங்குமிடம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மாதாமாதம் உதவித்தொகையும் வரும். இவ்வளவு இருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கடைசி நேரத்தில் தவித்துப்போகிறார்கள். காரணம் கணக்கும் கோடிங்கும் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் இருக்கும். பட்டத்தை லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். அல்லது அந்த நாடு ஏற்காத முத்திரையைக் குத்தி வாங்கியிருப்பார்கள்.

நானும் இந்த அலைச்சலை எல்லாம் பட்டு முடித்தவன்தான். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி மிச்சமாகியிருக்கும். அடுத்து வருகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். படிக்கப் போகாமல் டேட்டா சயின்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கும் 3, 4, 8, 10 ஆகிய படிகள் பொருந்தும்.

1. எங்கே விண்ணப்பிப்பது

முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, காவ்ஸ்ட். ஜித்தாவுக்கு வடக்கே, செங்கடல் கரையில், துவல் என்ற இடத்தில் 2009-இல் திறந்த மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இளநிலைப் படிப்பு கிடையாது, எம்.எஸ்.ஸும் பிஎச்.டி.யும் மட்டும். மெஷின் லேர்னிங் என்று தனித் துறையைத் தேடாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ், எலக்ட்ரிக்கல் ஆகிய நான்கிலும் அந்த வேலை நடக்கிறது. எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே போட்டியிட்டு இடம் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் யாரிடம் வேலை செய்ய விரும்புகிறீர்களோ அந்தப் பேராசிரியர் எந்தத் துறையில் இருக்கிறார் என்று பார்த்து அங்கே போடுங்கள்.

மற்றது, அபுதாபி மஸ்தார் சிட்டியில் இருக்கும் முகமது பின் ஸாயித் செயற்கை நுண்ணறிவுப் பல்கலைக்கழகம். 2019-இல் அறிவிக்கப்பட்டது, முதல் மாணவர்கள் 2021 ஜனவரியில் வந்தார்கள். இங்கே மெஷின் லேர்னிங், கம்ப்யூட்டர் விஷன், மொழித் தொழில்நுட்பம், ரோபாட்டிக்ஸ் எல்லாம் தனித்தனித் துறைகள். இனி இதை அபுதாபி பல்கலை என்றே எழுதுகிறேன்.

இரண்டு இடத்திலும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இதை மனதில் வையுங்கள். "சீட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிற எந்தக் கன்சல்டன்சிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்யப்போவது நீங்களே இலவசமாக நிரப்பக்கூடிய ஒரு ஃபார்மை நிரப்புவது மட்டும்தான்.

இன்னும் மூன்றாம் ஆண்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் நேராக இன்டர்ன்ஷிப்பில் தொடங்கலாம். காவ்ஸ்ட்டில் விஎஸ்ஆர்பி என்ற வருகை மாணவர் திட்டம் இருக்கிறது. மூன்று முதல் ஆறு மாதம், மாதம் 1,000 டாலர், தங்குமிடம் இலவசம். அபுதாபி பல்கலையில் இளநிலை மாணவர்களுக்குக் கோடையில் நான்கு வார ஆராய்ச்சிப் பயிற்சி உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் மிகச் சிறந்த வழி. பேராசிரியர் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்துவிடுகிறார். அதற்குப் பிறகு பரிந்துரைக் கடிதம் அவரிடமிருந்தே வரும்.

2. எந்தப் பிரச்சினையில் வேலை செய்யப் போகிறீர்கள்

இதை ஆவணங்களுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். "எனக்கு ஏஐ பிடிக்கும்" என்று எழுதினால் ஐந்து நொடியில் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்கள். அந்த மண்ணில் என்ன பிரச்சினை இருக்கிறது, அதற்கு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பேரீச்சை மரம். சிவப்புக் கூன்வண்டு நம் தென்னையைத் தின்பதுபோல அங்கே பேரீச்சையைத் தின்கிறது. புழு தண்டுக்குள் இருந்து குடைவதால் வெளியே பார்த்தால் தெரியாது. ஓலை வாடித் தெரியும்போது மரம் போய்விட்டது என்று அர்த்தம். காவ்ஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் மரத்தின் அடித்தண்டைச் சுற்றி ஆப்டிகல் ஃபைபரைச் சுற்றிவிட்டு, புழு கடிக்கும்போது எழும் மெல்லிய அதிர்வை லேசர் ஒளியில் பிடிக்கிறார்கள். தோப்பில் காற்றும் பறவைச் சத்தமும் இருக்குமே? அந்த இரைச்சலிலிருந்து புழுவின் ஒலியை மட்டும் பிரித்தெடுக்கத்தான், எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க். ஒரே ஃபைபரை மரத்துக்கு மரம் கொண்டுபோனால் தோப்பு முழுவதையும் ஓரிடத்திலிருந்து கேட்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீட்டிலிருந்து வருகிற மாணவருக்கு இதில் சொல்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அரபு மொழி. 2023 ஆகஸ்டில் அபுதாபி பல்கலையும் ஜி42 குழுமத்தின் இன்செப்ஷன் நிறுவனமும் சிப் தயாரிக்கும் செரெப்ராஸ் நிறுவனமும் சேர்ந்து ஜெய்ஸ் என்ற மொழி மாடலை வெளியிட்டார்கள். 1,300 கோடி பாராமீட்டர், அதாவது பயிற்சியில் சரிசெய்துகொள்ளும் எண்கள். அதைப் பயிற்றுவித்த 39,500 கோடி டோக்கனில் (சொல் துண்டுகளில்) அரபு 11,600 கோடிதான். மீதியில் பெரும்பங்கு ஆங்கிலம். அரபு எழுத்து போதாததால் ஆங்கிலத்தைத் துணைக்கு வைத்து வளர்த்தார்கள். தமிழுக்கு மாடல் செய்ய முயன்ற எவருக்கும் இந்த நெருக்கடி கைக்குப் பழகிய விஷயம். அதே போல, எழுதும் அரபு ஒன்று, பேசும் அரபு ஊருக்கு ஊர் வேறு. நியூயார்க் பல்கலையின் அபுதாபி வளாகத்தில் உள்ள கேமல் ஆய்வகமும் கூட்டாளிகளும் 25 நகரங்களின் பேச்சு அரபைத் தொகுத்திருக்கிறார்கள். கத்தார் கம்ப்யூட்டிங் ஆராய்ச்சி நிறுவனம் ஃபராசா என்ற சொற்பகுப்புக் கருவியைத் தந்திருக்கிறது. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் ஒரே மாடலுக்குப் புரியவைக்கப் பார்த்தவர் நீங்கள் என்றால், அந்தச் சின்ன ப்ராஜெக்ட்டைக் கூச்சப்படாமல் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தமிழில் செய்ததை "உள்ளூர் வேலை" என்று ஒளித்துவைப்பவர்கள் தங்கள் மிக வலுவான சீட்டை மறைக்கிறார்கள். அபுதாபி பல்கலையில் மொனோஜித் சௌத்ரி போன்றவர்கள் பல மொழி கலந்து பேசும் பேச்சையே ஆராய்கிறார்கள்.

கணிதத்தில் ஊறியவர்களுக்குக் காவ்ஸ்ட்டில் பீட்டர் ரிச்டாரிக். ஃபெடரேட்டட் லேர்னிங் பற்றிய 2016-ஆம் ஆண்டின் தொடக்கக் கட்டுரைகளில் இவர் பெயர் இருக்கும். ஆஸ்பத்திரிகள் நோயாளித் தகவலை வெளியே அனுப்பாமல் சேர்ந்து ஒரு மாடலைப் பயிற்றுவிக்கலாம் என்ற வழிக்கு அடித்தளம் அது. வீடியோவுக்கு பெர்னார்ட் கானெம். அங்கே செயற்கை நுண்ணறிவு முயற்சிக்குத் தலைமை ஏற்க 2021-இல் வந்தவர் யூர்கன் ஷ்மிட்ஹூபர், 1997-இல் எல்எஸ்டிஎம் என்ற நியூரல் நெட்வொர்க் வகையைத் தந்த இருவரில் ஒருவர். பேராசிரியர்கள் இடம் மாறுவார்கள். விண்ணப்பிக்கும் மாதத்தில் துறைப் பக்கத்தைத் திறந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

3. பெயர்

தமிழர்களுக்கு என்றே இருக்கிற பொறி இது. தெலுங்கு நண்பருக்கோ மலையாளி நண்பருக்கோ இவ்வளவு சிக்கல் வருவதில்லை. அவர்களிடம் யோசனை கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பார்கள். நம்பாதீர்கள்.

நம் மார்க் ஷீட்டில் "கார்த்திகேயன் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள், விரிக்க வேண்டும். ஆகவே கொடுத்த பெயர் கார்த்திகேயன், குடும்பப் பெயர் செல்வராஜ் என்று வரும். சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டிருப்பார்கள். ஆதாரில் மூன்றாவது ஒரு வடிவம் இருக்கும்.

அபுதாபி இருக்கும் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட், டூரிஸ்ட் விசாவில் உள்ளே விடுவதில்லை. ரெசிடென்ஸ் விசாவுக்கும் இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்க வேண்டும் என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்றால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ரீ-இஷ்யூ செய்துகொள்ளுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தால் சில வாரம் ஆகும்.

ரீ-இஷ்யூ செய்தால் பாஸ்போர்ட் எண் மாறும். ஆங்கிலத் தேர்வுக்குப் பழைய எண்ணில் பதிவு செய்துவிட்டு, தேர்வு மையத்துக்குப் புதிய புத்தகத்தோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஆகவே வரிசை இதுதான்: முதலில் பாஸ்போர்ட், பிறகு ஐஇஎல்டிஎஸ் பதிவு, பிறகு பல்கலை விண்ணப்பம். மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து எழுத்தாக அதே பெயர்.

மார்க் ஷீட்டில் உள்ள இனிஷியலை இப்போது மாற்ற முயலாதீர்கள். "இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு பிரமாணப் பத்திரம், நோட்டரி கையெழுத்துடன், தயாராக வைத்திருங்கள். கேட்டால் கொடுக்கலாம்.

4. பட்டம், மார்க் ஷீட், டிரான்ஸ்கிரிப்ட்

பட்டம் வந்த மறுநாளே அப்பா அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிடுவார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் சான்றிதழ் உண்மையானது என்று அரசு உறுதிசெய்யும் அட்டெஸ்டேஷன் முத்திரை விழுவது சான்றிதழின் பின்பக்கத்தில். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை குத்த மாட்டார்கள். கடைக்காரர் சூடு காட்டி உரிக்கப் பார்த்தால் மையும் பல்கலையின் ஹாலோகிராமும் கூடவே உரிந்து வரும். பட்டம் இன்னும் கைக்கு வராதவர்கள் இன்றே வீட்டில் சொல்லிவையுங்கள். ஏற்கெனவே லேமினேட் ஆகிவிட்டால் உரிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் நகல் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒரு நுணுக்கம். பட்டம் தருவது அண்ணா பல்கலைக்கழகம், மார்க் ஷீட் தருவது உங்கள் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர். ஆகவே எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த டிரான்ஸ்கிரிப்ட்டை ஓரிடத்திலும் பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்றை இன்னோரிடத்திலும் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போதே மேலும் ஒரு கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள்: நீங்கள் முழுநேர மாணவராக, நேரடி வகுப்பில், இந்த ஊர்க் கல்லூரியில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை படித்தீர்கள் என்று. அமீரகத்தில் உங்கள் பட்டத்தை அங்கீகரிக்கும்போது படித்த முறையையும் இடத்தையும் கேட்பார்கள். அப்போது அபுதாபியில் உட்கார்ந்துகொண்டு கல்லூரி ஆபீஸுக்கு போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். இந்த ஒரு தாளுக்காக முதல் செமஸ்டர் முழுக்க நிம்மதி இல்லாமல் இருந்தவர்களை நான் அறிவேன்.

இறுதியாண்டில் இருந்தபடி விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், மே மாதம் படிப்பு முடிந்தாலும் பட்டம் கான்வகேஷனுக்குப் பிறகுதான் வரும். புரொவிஷனல் சான்றிதழோடு சேர விடுவார்களா, அசல் பட்டத்தை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று அட்மிஷன் அலுவலகத்திடம் மெயிலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்க் விஷயத்தில், பத்துக்கு எவ்வளவோ அதை அப்படியே கொடுங்கள். நீங்களாக நான்குக்கு மாற்றிப் போடாதீர்கள். மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் கிரேடு விளக்கம் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து சேருங்கள். அதை விட்டுவிட்டால் நம் பத்துப்புள்ளி முறை புரியாமல் குறைத்து எடைபோடுவார்கள்.

5. ஆங்கிலத் தேர்வு

அபுதாபி பல்கலை ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5 அல்லது டோஃபல் ஐபிடியில் 90 கேட்கிறது. காவ்ஸ்ட் ஐஇஎல்டிஎஸ் 6.5 அல்லது டோஃபல் 79. ஆங்கில வழியில் படித்தேன் என்ற கல்லூரிக் கடிதத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தேர்வுக்கட்டணம் சுமார் 18,000 ரூபாய். இந்த வேலை முழுவதிலும் உங்கள் கையிலிருந்து போகும் பெரிய செலவுகளில் இது ஒன்று. மதிப்பெண் இரண்டு ஆண்டு மட்டுமே செல்லும். ஆகஸ்டுக்குள் எழுதிவிட்டால், ஒரு பகுதியில் குறைந்தாலும் மறுபடி எழுத நேரம் இருக்கும். ஜிஆர்இ என்ற பொதுத் தகுதித் தேர்வு கட்டாயமில்லை, கணித மதிப்பெண் பிரமாதமாக இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

6. பேராசிரியருக்கு மெயில், பரிந்துரைக் கடிதம்

காவ்ஸ்ட்டில் பிஎச்.டி.க்குப் போகிறவர்கள் முதலில் பேராசிரியரிடம் பேசிவிட வேண்டும். அவர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்புவது பயனில்லை. அவருடைய கடந்த இரண்டு வருடக் கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, அதன் புரோகிராம் கோடை டவுன்லோட் செய்து, ஓடவிட்டுப் பாருங்கள். எங்கே உடைகிறது, எந்த டேட்டாவில் மோசமாகிறது என்று மூன்று வரி எழுதி, உங்கள் கோடின் இணைப்பைத் தாருங்கள். அப்படிப்பட்ட மெயிலுக்குப் பதில் வரும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டோ மூன்றோ கேட்பார்கள். நம் கல்லூரிகளில் "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பது வழக்கம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். நீங்கள் செய்த வேலையைக் குறிப்புகளாகக் கொடுத்து, அவர்களையே எழுதச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள். கடிதம் போக வேண்டியது கல்லூரி மெயில் முகவரியிலிருந்து. ஜிமெயில் முகவரி கொடுத்தால் திருப்பிக் கேட்பார்கள், அப்போது உங்கள் பேராசிரியர் செமஸ்டர் விடுமுறையில் இருப்பார்.

7. ஸ்கிரீனிங் தேர்வும் நேர்காணலும்

அபுதாபி பல்கலை ஆன்லைனில் ஒரு தேர்வு வைக்கிறது. லீனியர் ஆல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, கால்குலஸ், பைத்தான், மெஷின் லேர்னிங் அடிப்படை. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். இன்வர்ட்டர் இல்லாத வீட்டில் எழுதாதீர்கள்; மின்வெட்டு உங்கள் ஊரில் எந்தக் கிழமை என்று பார்த்து நேரம் குறியுங்கள். அமீரகம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே, சவூதி இரண்டரை மணி நேரம். நேர்காணலில் நீங்கள் எழுதிய ப்ராஜெக்ட்டில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போவார்கள். டீமில் மற்றவர் செய்த பகுதியை உங்கள் பெயரில் எழுதாதீர்கள்.

காலக்கணக்கு சொல்கிறேன். விண்ணப்பம் இலையுதிர் மாதங்களில் திறந்து டிசம்பர், ஜனவரி வாக்கில் மூடும்; தேதி ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் பல்கலைத் தளத்தில்தான் பார்க்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் தேர்வும் நேர்காணலும். மார்ச், ஏப்ரலில் முடிவு. ஆகஸ்டில் சேர வேண்டும். ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில்தான் அடுத்த படி.

8. அட்டெஸ்டேஷன்

முதலில் எந்த நாடு என்று பாருங்கள், ஏனென்றால் வழி இரண்டாகப் பிரிகிறது.

சவூதி அரேபியா 2022 டிசம்பர் 7 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரு நாட்டின் ஒரே சான்றை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் ஒப்பந்தம்) இருக்கிறது. நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித்தரும் அப்போஸ்டில் ஸ்டிக்கரே போதும் என்பது இதன் பொருள். ஓமனும் பஹ்ரைனும் இதற்கு முன்பே சேர்ந்தவை.

அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே போக, பழைய சங்கிலி முழுவதும் வேண்டும்: பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று, தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் முத்திரை, வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன், அமீரகத் தூதரகத்தின் முத்திரை, கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போக முடியாது.

என் பட்டத்தை அபுதாபிக்கு என்று சொல்லித்தான் ஒரு முகவரிடம் கொடுத்தேன். அவர் அப்போஸ்டில் ஒட்டிக் கொண்டுவந்து, "எல்லா வெளிநாட்டுக்கும் இதுதான்" என்றார். திரும்ப முதலிலிருந்து ஓட வேண்டியதாயிற்று. ஆகவே முகவரிடம் ரசீது வாங்கும்போதே, எந்த நாடு, எந்தெந்த முத்திரை, எத்தனை நாள் என்று அவர் கைப்படவே எழுதி வாங்குங்கள்.

வெளியுறவு அமைச்சகம் மக்களிடம் நேராக ஆவணம் வாங்குவதில்லை. அது அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான் போகும். அந்தப் பட்டியல் அமைச்சகத்தின் தளத்தில் இருக்கிறது. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அரசுக் கட்டணமே இல்லை. நிறுவனம் சிறிய சேவைக் கட்டணம் வாங்கும். இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். தூதரகக் கட்டணம்தான் பெரிது, அதைச் சாக்காக வைத்து ஒரு பட்டத்துக்கே பத்தாயிரத்துக்கு மேல் கேட்பவர்கள் உண்டு. அமீரகம் போய்ச் சேர்ந்தபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சக முத்திரைக்கு ஆவணத்துக்கு 150 திர்ஹாம். எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டையும் தனித்தனியாகக் கொண்டுபோய் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்டாதீர்கள். பட்டமும் ஒரே தொகுப்பான டிரான்ஸ்கிரிப்ட்டும் போதுமா என்று பல்கலையைக் கேளுங்கள்.

அசலைக் கொடுப்பதற்கு முன் இரு பக்கமும் கலரில் ஸ்கேன் எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். அட்டெஸ்டேஷன் முடிந்து வந்ததும் பின்பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். இதற்குப் பிறகு எல்லோரும் கேட்பது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

9. கையில் எவ்வளவு பணம் வேண்டும்

காவ்ஸ்ட் உதவித்தொகை ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 டாலர் வரை, படிப்பின் நிலைக்கு ஏற்ப. வீட்டு வாடகை இல்லாததால் பெரும்பகுதி மிச்சமாகும். ஆனால் வங்கிக் கணக்கு திறக்க ரெசிடென்ஸ் அடையாள அட்டை வேண்டும், அட்டை வரச் சில வாரம் ஆகும், அதற்குப் பிறகுதான் பணம் ஏறும். அதுவரை சாப்பாடு, சிம் கார்டு, சமையல் பாத்திரம், படுக்கை விரிப்பு என்று செலவு இருக்கும். ஒன்றரை மாதச் செலவுக்குப் பணம் எடுத்துப் போங்கள். வீட்டில் வட்டிக்கு வாங்கும் அளவுக்குத் தொகை இல்லை இது. விமான டிக்கெட்டைப் பல்கலை தருமா, நாம் எடுத்து பிறகு வாங்க வேண்டுமா என்று ஆஃபர் கடிதத்தில் பாருங்கள். விசா கையில் வரும்வரை சொந்தப் பணத்தில் டிக்கெட் போடாதீர்கள்.

10. விசாவும் மருத்துவப் பரிசோதனையும்

சவூதிக்குப் பரிசோதனை இங்கேயே நடக்கும். வளைகுடா விசா மருத்துவப் பரிசோதனைக்கான வஃபித் தளத்தில் பதிவு செய்தால் அங்கீகரித்த மையத்தை ஒதுக்குவார்கள். அமீரகத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்தபின் ரத்தமும் மார்பு எக்ஸ்ரேயும். இரண்டிலும் காசநோய்த் தழும்பைக் கவனமாகப் பார்க்கிறார்கள். சின்ன வயதில் டிபி வந்து முழுதாகக் குணமானவர்களையும் பழைய தழும்பைக் காட்டி "அன்ஃபிட்" என்று போட்டுவிடுவதுண்டு. அப்படி ஒரு வரலாறு உங்களுக்கு இருந்தால், ஆஃபர் வந்த அன்றே நல்ல நுரையீரல் மருத்துவரிடம் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேலையை விட்டு, ஊருக்கெல்லாம் சொல்லி, விருந்தும் சாப்பிட்டபின் இது தெரியவருவது மிகக் கொடுமை.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய். முகவரி மாறியிருந்தால் தாமதமாகும்.

11. பெட்டி கட்டும்போது

கசகசா வேண்டாம். அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. தனியாக எடுத்துப் போக மாட்டீர்கள்தான். ஆனால் அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியிலும் கறிமசாலாவிலும் இருக்கும். பொடி ஒவ்வொன்றிலும் என்ன போட்டார்கள் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதுவும் முன் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி, அந்த நாட்டின் ஆன்லைன் அனுமதியையும் பெற்று, மாத்திரையை அதன் அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள்.

அசல் சான்றிதழ்கள் கைப்பையில். செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். மடக்காமல் வைக்கிற தட்டையான ஃபைல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தூதரக முத்திரை விழுந்த இடத்தில் மடிப்பு வந்தால் ஸ்கேனில் எழுத்து தெரியாது. கூடவே வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒரு டஜன். மெடிக்கலுக்கும் அடையாள அட்டைக்கும் வங்கிக்கும் முதல் வாரத்திலேயே கேட்பார்கள்.